எல்லைக் கோட்டில் பிறக்கும் ஆறு: பள்ளிப் புவியியல் பாடம் குறித்து

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் தமிழ்நாட்டின் புற எல்லை வரைபடத்தைக் கொடுத்துத் தென்பெண்ணையாற்றைக் குறிக்கச் சொன்னால், அவர் என்ன செய்வார் என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. வடமேற்கு மூலையில், ஓரக்கோட்டில் பென்சிலை ஊன்றி, தென்கிழக்காக ஒரு நெளிகோடு இழுத்துக் கடலூர் அருகே கடலில் விட்டுவிடுவார். பெயரையும் எழுதிவிட்டால் மதிப்பெண் முழுமையாகக் கிடைத்துவிடும். ஓரக்கோட்டுக்கு அப்பால் தாள் வெறுமையாகவே இருக்கும். ஆறு எங்கிருந்து வந்தது என்று அந்தத் தாள் கேட்பதில்லை, திருத்துபவரும் கேட்பதில்லை. இவ்வாறு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான தாள்களில் தென்பெண்ணை எல்லைக் கோட்டிலேயே பிறக்கிறது.

இது தேர்வு வசதிக்காகச் செய்யப்படும் சிறு சுருக்கம்தானே, இதைப் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்கப்படலாம். சென்னையிலோ திருநெல்வேலியிலோ அமர்ந்து பார்க்கையில் நமக்கும் அவ்வாறே தோன்றிற்று. தொரப்பள்ளிக்குச் சென்று வந்த பின் அவ்வெண்ணம் மாறிற்று.

தொரப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கு அண்மையிலுள்ள சிற்றூர். இராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த ஊர் என்பதால் வெளியூராருக்கு அதன் பெயர் தெரியும். அவர் பிறந்தபோது அது சேலம் மாவட்டத்தில் இருந்தது; 1965 முதல் தருமபுரியிலும், 2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரிக்கப்பட்டது முதல் கிருஷ்ணகிரியிலும் உள்ளது. ஊர் நகரவில்லை, கோடுகள் நகர்ந்தன. தென்பெண்ணை கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தைக் கடந்து கீழிறங்கும் வழியை ஒட்டிய ஊர்களுள் இதுவும் ஒன்று. அணையின் மதகுகள் திறக்கப்படும் நாள்களில் கரையோர ஊர்களுக்கு விடுக்கப்படும் வெள்ள எச்சரிக்கை இவ்வூரையும் எட்டும்.

நாம் சென்ற நாளில், பத்தாம் வகுப்புத் தேர்வெழுதி முடிவுக்குக் காத்திருந்த ஒரு மாணவரோடு பேச நேர்ந்தது. தந்தை தொழிற்பேட்டையில் வேலை செய்பவர். தென்பெண்ணை எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டோம். “கர்நாடகாவுல நந்தி மலை சார், கிழக்குச் சரிவு” என்று தடையின்றி விடை வந்தது. கிளையாறுகளையும் வரிசை பிறழாமல் சொன்னார். ஆற்றில் ஒதுங்கியிருந்த வெண்ணுரையைக் காட்டி, “தம்பி, இது எங்கிருந்து வருகிறது?” என்றோம். சற்றுத் தயங்கினார். “அது பாடத்துல இல்ல சார். பெங்களூர்ல இருந்து வருதுன்னு அப்பா சொல்வாங்க” என்றார்.

அம்மாணவருக்கு இரண்டும் தெரிந்திருந்தன. ஆறு நந்தி மலையில் தோன்றுகிறது என்பது பாடத்தில் கற்றது. நுரை பெங்களூரிலிருந்து வருகிறது என்பது வீட்டில் கேட்டது. இவ்விரு செய்திகளும் ஒரே நீரைப் பற்றியவை என்பதைச் சேர்த்துக் காட்ட வேண்டிய இடம் புவியியல் வகுப்பு ஒன்றே. அவ்வகுப்பில் அது நிகழவில்லை. நமது குறை அவர் மீதன்று. அவருடைய ஆசிரியர் மீதுமன்று. கற்பிக்கப்படும் முறையிலும் தேர்வின் அமைப்பிலும் தான் குறையிருக்கிறது.

நூலைக் குறித்து நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுவோம். 2011 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நடைமுறைக்கு வந்த சமச்சீர்க் கல்வி நூல்களைவிட, 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த புதிய நூல்கள் அச்சிலும் படங்களிலும் உள்ளடக்கத்திலும் பல படி உயர்ந்தவை. ஒன்பதாம் வகுப்பில் நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் என்று புவியின் இயக்கம் கற்பிக்கப்படுகிறது; நிலவரைபடத் திறன்கள் என்று தனிப்பாடமே உண்டு. பத்தாம் வகுப்பில் இந்தியாவின் நிலத்தோற்றம் தொடங்கி மக்கள்தொகை, வணிகம் வரை ஐந்து பாடங்களும், தமிழ்நாட்டுக்கென இரு பாடங்களும் அமைந்துள்ளன. தென்பெண்ணையைப் பற்றிய பத்தியில் அதன் பிறப்பிடம், அணைகள், கிளையாறுகள் எல்லாம் கூறப்பட்டுள்ளன. செய்தி இல்லாத நூல் என்று இதைக் கூற இயலாது. ஆற்றை ஒருமுறையும் பாராமலே விடை எழுதிவிடத்தக்க நூல் என்பதுதான் நமது குறை.

மேலும் ஒன்று உண்டு. செய்தியிலேயே பிழை நேரும்போதும் அதைக் கண்டறிய வழியில்லாமற் போகிறது. தமிழ்நாட்டின் பீடபூமிகளைக் கூறுமிடத்தில், பாராமஹால் பீடபூமி மைசூர்ப் பீடபூமியின் ஒரு பகுதி என்றும், அதன் உயரம் 350 முதல் 710 மீட்டர் வரை என்றும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அதில் அமைந்துள்ளன என்றும் பாடம் அறிவிக்கிறது. ஓசூர் நகரமோ கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. எண்ணின்படி பார்த்தால் ஓசூர்ப் பிள்ளைகள் தங்கள் பாடநூலுக்கு மேலே, வானத்தில் வாழ்கிறார்கள்! கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் வருவோர் மேலுமலை ஏற்றத்தில் வண்டி மூச்சுவாங்குவதை அறிவர். ஏறி முடிந்ததும் காற்றின் குளிர்ச்சி மாறுவதையும் அறிவர். அந்த ஏற்றம் இரு வேறு நிலப்படிகளுக்கு இடையிலானது.

பழைய ஆட்சியாளர் இதை அறிந்திருந்தனர். சேலம் மாவட்டத்தைத் தலகாட், பாராமஹால், பாலாகாட் என மூன்றாகப் பிரித்து வழங்கினர். லெ ஃபானு 1883 இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேட்டிலும் இப்பிரிவினை காணப்படுகிறது. தலகாட் என்பது கணவாய்களுக்குக் கீழுள்ள சேலம் சமவெளி. பாராமஹால் நடுப்படி; கிருஷ்ணகிரி அதில் அடங்கும். ஓசூர் வட்டாரமே மேற்படியான பாலாகாட். உர்தூ அறிந்த வாசகருக்கு விளக்கம் வேண்டியதில்லை: பாலா என்றால் மேல், பாரா என்றால் பன்னிரண்டு. இந்தப் படிநிலை அரசியலிலும் பதிந்திருக்கிறது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமஹால் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று; கணவாய்க்கு மேலேயுள்ள ஓசூர்ப் பகுதியோ 1799 இல் அவர் வீழ்ந்த பின்னரே போயிற்று. ஏழாண்டுக் காலம் ஒரு மலைச்சரிவு இரு அரசுகளுக்கிடையே எல்லையாக நின்றது. பாடநூல் பாராமஹால் எனும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அப்பெயர் எதைக் குறித்ததோ அந்த நிலப்படியை மறந்துவிட்டது. மலையின் மேலுள்ள நிலமும் கீழுள்ள நிலமும் ஒரே பெயரில் ஒன்றாகிவிட்டன.

நிலத்தைப் பார்த்துக் கற்கும் வகுப்பாயின் இப்பிழையை ஒரு மாணவரே ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார். உயரம் காட்டும் கருவி இன்று கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆனால் பாடநூலின் எண்ணை நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது புவியியல் வகுப்பின் வேலை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 710 என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. உண்மையை எழுதினால் கிடைக்குமா என்பது ஐயமே.

மழையைப் பற்றிய பாடமும் இவ்வாறே. தமிழ்நாடு தென்மேற்குப் பருவக்காற்றின் மழைமறைவுப் பகுதி, வடகிழக்குப் பருவமே அதன் மழைக்காலம் என்னும் பொது விதி கடற்கரை மாவட்டங்களை மனத்திற்கொண்டு எழுந்தது. கன்னடப் பீடபூமியோடு ஒட்டிய ஓசூர்ப் பகுதி தென்மேற்குப் பருவத்திலும் கணிசமான மழை பெறுகிறது. ஆனியிலும் ஆவணியிலும் நனைந்துகொண்டே பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, தன் மாநிலத்துக்கு மழை ஐப்பசியில்தான் என்று தேர்வில் எழுதுகிறது.

தொழிற்சாலைகள் அமையும் காரணிகளைக் கூறும் பகுதியிலும் இதே நிலை. மூலப்பொருள், மின்னாற்றல், உழைப்பாளர், போக்குவரத்து, சந்தை, மூலதனம், அரசின் கொள்கை எனக் காரணிகள் அடுக்கப்படுகின்றன. ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்ததற்கும், டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகள் அங்கே வந்ததற்கும் மூலப்பொருள் காரணமன்று. அங்கே இரும்பும் விளையவில்லை, கைக்கடிகாரமும் விளையவில்லை. 40 கிலோமீட்டரில் பெங்களூர் என்னும் பெருநகர் இருந்தது, நெடுஞ்சாலை இருந்தது, நிலம் மலிவாகக் கிடைத்தது, பின்தங்கிய பகுதி என்பதால் அரசு சலுகை அளித்தது. ஒரு மாநிலத்தின் தலைநகரே அடுத்த மாநிலத்து ஊரின் தொழிலுக்குக் காரணமாயிற்று. எல்லைக் கோட்டுக்குள் மட்டும் பார்க்கப் பழகிய பாடத்தில் இந்தக் காரணி எந்தத் தலைப்பிலும் அடங்காது. தொழிற்பேட்டைத் தொழிலாளியின் மகன் அந்த ஏழு காரணிகளையும் மனப்பாடம் செய்கிறான். தன் தந்தைக்கு இங்கே ஏன் வேலை கிடைத்தது என்பதற்கான விடை அவற்றுள் சரிவர அடங்கவில்லை.

இனி நுரைக்கு வருவோம். மேற்கண்டவை அறிவுக்குறை மட்டுமே; இது வாழ்வைத் தொடுவது.

தென்பெண்ணை பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி வருகிறது. அந்நகரின் பெல்லந்தூர், வர்தூர் ஏரிகளின் கழிநீர் தென்பிநாகினி என்று அங்கே வழங்கும் இதே ஆற்றில் வந்து சேர்கிறது. பெல்லந்தூர் ஏரியின் நுரை 2015 இல் தீப்பற்றி எரிந்ததைச் செய்தித்தாள்களில் உலகமே பார்த்தது. துணி துவைக்கும் பொடிகளிலுள்ள நுரைப்பொருள்கள், சுத்திகரிக்கப்படாத சாக்கடையோடு ஏரியில் சேர்கின்றன. நீர் உயரத்திலிருந்து விழுந்து கலங்குமிடத்தில் காற்றோடு கலந்து நுரை மலையாகின்றன. அதே நீர் கெலவரப்பள்ளியில் தேங்கி, மதகுகளில் விழும்போது மீண்டும் நுரைக்கிறது. வெள்ளக் காலங்களில் அணைக்குக் கீழே வெண்ணுரை பொங்கி வழியும் படங்கள் ஆண்டுதோறும் வெளியாகின்றன. இந்நீரைக் கொண்டே கீழுள்ள வயல்கள் பாய்ச்சப்படுகின்றன.

இதனை விளக்க ஒன்பதாம் வகுப்பு நீர்க்கோளப் பாடமும், வேதியியலில் சோப்பு, டிடர்ஜென்ட் பற்றிய பகுதியும் போதுமானவை. புதிதாக ஒரு பாடத்தையும் சேர்க்க வேண்டியதில்லை. ஆறு எல்லைக்கு அப்பாலும் ஆறுதான் என்று படத்தில் காட்டினால் போதும். நந்தி மலை ஓசூருக்கு நேர் வடக்கே, வான்வழித் தொலைவில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். கடலூர் அதைவிடப் பன்மடங்கு தொலைவு. பிள்ளைகளுக்குக் கடலூர் வரைபடத்தில் தெரிகிறது; நந்தி மலை தெரிவதில்லை.

இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்கள் இத்தகைய பாகுபாட்டை அறியா. அவை அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு கட்டம் பிரிப்பவை. பழைய எண்முறையில் ‘57 எச்’ என்னும் தொகுதி வடக்கு அட்சம் 12 முதல் 13 பாகை வரையும், கிழக்குத் தீர்க்கம் 77 முதல் 78 பாகை வரையும் உள்ள நிலத்தைக் காட்டுவது. பெங்களூரும் ஓசூரும் தொரப்பள்ளியும் அந்த ஒரே கட்டத்திற்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்பதாம் வகுப்பின் நிலவரைபடத் திறன்கள் பாடத்தில் இத்தகைய தாள்களின் பயன் கூறப்படுகிறது. ஆனால் தம் ஊரின் தாளைத் தொட்டுப் பார்த்த மாணவரை நாம் இதுவரை சந்தித்ததில்லை. முன்னாளில் பாதுகாப்புக் காரணம் காட்டி இவை மறைக்கப்பட்டன என்பது உண்மை. 2005 ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்கும், 2021 பிப்ரவரியில் மைய அரசு வெளியிட்ட தாராளமான நெறிமுறைகளுக்கும் பின் அந்தச் சாக்கு செல்லாது.

எல்லை தாண்டிய ஆற்றைப் பள்ளியில் பேசினால் அரசியல் வந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அச்சம் அடிப்படையற்றதன்று. 1892 இல் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் அரசுக்கும் ஏற்பட்ட நீர் உடன்படிக்கையில் தென்பெண்ணையும் இடம்பெற்றது. அதன் கிளையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழ்நாடு 2018 இல் உச்ச நீதிமன்றம் சென்றது. தடை கோரிய இடைக்கால மனு 2019 நவம்பரில் தள்ளுபடியாயிற்று. இவற்றை முழக்கமாகக் கற்பிப்பது வேறு, நிலமாகக் கற்பிப்பது வேறு. நிலமாகக் கற்பிக்கும்போது, இந்நுரையை முதலில் சுவாசிப்பது வர்தூர்க் கரையிலுள்ள கன்னடப் பிள்ளைதான் என்பதும் தெரியவரும். ஓசூர்த் தொழிற்பேட்டைகளின் கழிவு எங்கே போகிறது, நமக்குக் கீழே யார் அதை ஏற்கிறார்கள் என்னும் கேள்வியும் உடன் எழும். தன் ஊருக்கு மேலேயும் ஓர் ஊர் உண்டு, கீழேயும் ஓர் ஊர் உண்டு என்பதை உணர்ந்த மாணவர் அயலாரைப் பகையாகக் கொள்ளும் பேச்சுக்கு எளிதில் இரையாகார். ஒன்றும் சொல்லாமல் விடும் பாடமே அவரை அப்பேச்சுக்கு ஒப்புக்கொடுக்கிறது.

இவ்விடத்தில் நம் பக்கத்துக் குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். முஸ்லிம்கள் புவியியலுக்கு ஆற்றிய தொண்டு என்று எழுதுவது நமது இதழ்களுக்கும் மேடைகளுக்கும் வழக்கமான பொருள். அல்குவாரிஸ்மி, அல்முகத்தஸி, அல்பீரூனி, இத்ரீஸி, இப்னு பதூதா என்று பெயர்களை அடுக்கி, அவர்கள் நூல்களின் பெயர்களை அரபியில் சொல்லி நிறுத்திவிடுகிறோம். பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்கிறார்கள். கிளையாறுகளின் பட்டியலுக்கும் இந்தப் பட்டியலுக்கும் என்ன வேறுபாடு?

அல்முகத்தஸியின் பெருமை அவர் பெயரில் இல்லை. கி.பி. 985 அளவில் தம் நூலை எழுதியபோது, தாம் கண்டது, நம்பத்தக்கவரிடம் கேட்டது, நூல்களில் படித்தது என மூன்றையும் அவர் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் சென்று அதன் நீரையும் மொழியையும் எடைக்கற்களையும் விசாரித்தார். நமது பாடநூலிலும், ஏன், நமது கட்டுரைகளிலும் அந்தப் பிரிவினையைத் தேடிப் பாருங்கள். மூன்றாவது வகை மட்டுமே கிடைக்கும். இத்ரீஸியின் 1154 ஆம் ஆண்டு வரைபடத்தில் தெற்கு மேலே இருக்கும். அதை வியந்து சொல்வோமே தவிர, வடக்கு ஏன் மேலே இருக்க வேண்டும் என்று ஒரு வகுப்பிலும் கேட்பதில்லை. தொரப்பள்ளிப் பிள்ளை படத்தைத் தலைகீழாகப் பிடித்தால், ஆறு மேலிருந்து கீழே வரும் என்ற எண்ணம் எப்படிக் கலையும் என்பதைக் கண்டு சிரிக்கும், அதுவே பாடமாகிவிடும்.

அல்பீரூனியை எடுத்துக்கொள்வோம். இன்று பாகிஸ்தான் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை முதலில் இரு கோணங்களால் அளந்து, பிறகு உச்சியில் நின்று தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்து, பூமியின் ஆரத்தைக் கணித்தவர் அவர். அம்முறையின் முதற்பாதி பத்தாம் வகுப்புக் கணித நூலில் உயரங்களும் தொலைவுகளும் என்ற தலைப்பில் இருக்கிறது. அங்கே கொடி மரமும் கலங்கரை விளக்கமும் தாளில் நிற்கின்றன. கிருஷ்ணகிரியின் சையத் பாஷா மலை ஊரின் நடுவே நிற்கிறது. அதன் உயரத்தை ஒரு கோணமானியும் நூற்குண்டும் கொண்டு அளக்க ஒரு முற்பகல் போதும். கணித ஆசிரியரும் புவியியல் ஆசிரியரும் சேர்ந்து அழைத்துச் சென்றால் செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே.

இன்னும் அருகிலேயே ஒன்று உண்டு. அல்பீரூனி 1025 இல் முடித்த ‘தஹ்தீத்’ என்னும் நூல், கஸ்னா நகரின் கிப்லா திசையைத் துல்லியமாகக் காணும் பொருட்டு ஊர்களின் அட்ச, தீர்க்கங்களை ஆராய்ந்தது. தொரப்பள்ளிப் பகுதியில் நின்று தொழுவோருக்குக் கிப்லா எத்திசை? மேற்கு என்போம். கணக்கிட்டுப் பார்த்தால், நேர் மேற்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 19 பாகை. ஆனால் வகுப்பறைச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வகைத் தட்டை உலகப்படத்தில் ஓசூரிலிருந்து மக்காவுக்கு அளவுகோல் வைத்துக் கோடிட்டால் 13 அல்லது 14 பாகையே வரும். இந்த ஐந்து பாகை எங்கே போயிற்று? உருண்டையைத் தட்டையாக்கியபோது போயிற்று. உருண்டையின் மேல் நூலைப் பிடித்து மிகக் குறுகிய வழியைக் காட்டினால், நிலவரைபடச் சட்டங்கள் பற்றிய நான்கு பக்கப் பாடம் நான்கு நிமிடத்தில் விளங்கும். இன்று கைப்பேசிச் செயலி அம்புக்குறி காட்டிவிடுகிறது. காரணம் கேட்கும் பிள்ளைக்கு மதரஸாவிலும் விடையில்லை, பள்ளியிலும் விடையில்லை.

தமிழில் இத்துறைக்கு வயது குறைவன்று. ரேனியஸ் பாதிரியார் 1832 இல் ‘பூமிசாஸ்திரம்’ என்ற நூலை வெளியிட்டார். பூமிசாஸ்திரம் பின்னர் பூகோளமாகி, இன்று புவியியலாகியிருக்கிறது. 1926 இல் சென்னையில் புவியியல் கழகம் தோன்றியது. இந்தியப் புவியியல் கழகம் என்று பின்னாளில் பெயர் பெற்றது அதுவே. இத்தனை பழமையிருந்தும் இன்று உயர்நிலைப் பள்ளிகளில் சமூக அறிவியலை எடுப்பவர் பெரும்பாலும் வரலாற்றுப் பட்டதாரியே. அவர் மீது பழியில்லை. முகலாயரையும் பருவக்காற்றையும் ஒருவரே நடத்த வேண்டியிருக்கிறது. மேல்நிலையில் புவியியலை விருப்பப் பாடமாக வைத்திருக்கும் பள்ளிகள் அரிது. நம் வீடுகளிலும் பிள்ளை புவியியல் படிக்கிறான் என்றால் வேறு பிரிவு கிடைக்கவில்லை போலும் என்று இரங்குகிறோம். அதே பிள்ளை பின்னாளில் ஆட்சிப் பணித் தேர்வுக்குப் புவியியலை விருப்பப் பாடமாக எடுத்து, ஆறாம் வகுப்பு நூலிலிருந்து மீண்டும் தொடங்குவதையும் பார்க்கிறோம்.

ஓசூர் வட்டாரத்தின் மொழிநிலை இப்பாடத்துக்கு ஒரு வரம், அதுவும் வீணாகிறது. தெலுங்கும் கன்னடமும் உர்தூவும் பேசும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் தமிழ் வகுப்புக்கு வருகிறார்கள். வடிகாலமைப்பு, நிலத்தோற்றம் போன்ற ஆக்கச் சொற்கள் தமிழ்ப் பிள்ளைக்கே அயலானவை. இவர்களுக்கு இருமடங்கு அயலானவை. ஆனால் ஏரி என்றால் ஒரு பிள்ளை செருவு என்றும், ஒன்று கெரெ என்றும், ஒன்று தாலாப் என்றும் சொல்லும். ஊர்ப்பெயர்களும் அப்படியே. கெலவரப்பள்ளி, காமன்தொட்டி, சூளகிரி என்று வரிசையாக வைத்தால், யார் எங்கே குடியேறினர், எங்கே மாட்டுத்தொழுவம் இருந்தது, எங்கே குன்று நின்றது என்பது பெயரிலேயே தெரியும். தொரப்பள்ளியின் ‘தொர’வில் தெலுங்கறிந்தோர் துரையைக் காண்பர். ‘பள்ளி’யோ சிற்றூரைக் குறிப்பது, நமக்கு அது தொழுமிடம், பிள்ளைகளுக்குப் படிக்குமிடம். மாநில எல்லை 1956 இல் மொழியை அளவுகோலாகக் கொண்டு வரையப்பட்டது என்று பாடம் சொல்கிறது. அக்கோட்டின் மேலேயே வாழும் பிள்ளைகளின் வாயிலுள்ள மொழிகளைக் கேட்டால், அளவுகோல் எங்கே வளைந்தது என்பதும் விளங்கும்.

வகுப்பறைக்கு வெளியே கற்பது என்று பேசத் தொடங்கினால் தமிழ்நாட்டில் ஒரு பழைய புண் தெரியும். தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜிதான் முதலமைச்சராக இருந்தபோது 1953 இல் அரைநாள் பள்ளி, அரைநாள் வெளிக்கல்வி என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குலத்தொழிலைப் பிள்ளைகள் மீது சுமத்தும் குலக்கல்வி என்று அது எதிர்க்கப்பட்டு, 1954 இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. எதிர்ப்பு நியாயமானது என்பதே நம் கருத்து. தந்தையின் தொழிலுக்குள் பிள்ளையை அடைப்பது கல்வியன்று. ஆயினும் அதற்குப் பின் வெளியே கற்றல் என்ற சொல்லே ஐயத்துக்குரியதாகி, நல்ல பள்ளி என்றால் கதவு சாத்திய பள்ளி என்றாகிவிட்டது. பிள்ளையைத் தந்தையின் தொழிலுக்கு அனுப்புவது ஒன்று. ஆற்றங்கரைக்கு நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புவது முற்றிலும் வேறொன்று. இளமையில் ஓசூரில் படித்துப் பின் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குச் சென்ற இராஜாஜியே, சென்னை மாகாணத்துக் கிராமத்திலிருந்து மைசூர் அரசின் நகருக்குப் படிக்கச் சென்றவர்தாம். அருகிலிருந்த நகரம் எதுவோ அங்கே சென்றார்.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியாயிற்று. அதன் வழியில் புதிய புவியியல் நூல் எழுதப்படுமாயின், எழுதுவோரிடம் நாம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பாராமஹாலின் உயர எண்ணைத் திருத்தி, ஓசூர்ப் பகுதிக்குப் பாலாகாட் என்ற அதன் பழம்பெயரையும் ஒரு வரியில் தர வேண்டும். தமிழ்நாட்டு வரைபடத்தில் எல்லைக் கோட்டுக்கு வெளியே நூறு கிலோமீட்டர் அளவு நிலத்தையும் மெல்லிய நிறத்திலாவது காட்ட வேண்டும். அதற்குள் நந்தி மலை வந்துவிடும், பெங்களூர் வந்துவிடும். தேர்வுத் தாளில் ஆற்றைக் குறிக்கச் சொல்லும்போது, பென்சிலை எங்கே ஊன்றித் தொடங்குகிறார் என்பதற்கும் ஒரு மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.